இலவச வைஃபையும் வீட்டுச் சாவியும்

(முட்டத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசக் கூப்பிட்டால் அது மரியாதையா தண்டனையா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் உள்ளே போய், மேலே கடற்காற்றும் அடித்தால், யார் பேசினாலும் கண் சொருகத்தான் செய்யும். ஆனால் செயலாளர் விடவில்லை. "பழைய கதை எல்லாம் காலைலயே முடிஞ்சு போச்சு. நீரு பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படுத மாதிரி ஏதாவது சொல்லும் வோய்" என்று உத்தரவு போட்டுவிட்டார். நானும் காலையிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த மண்டபத்துக்குள் நுழைந்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது "சாப்பாடு எப்போ?" என்றுகூட இல்லை, "இங்க வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்றுதான். அதையே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பயணம் என்பது பிழைப்போடு சேர்ந்தது. முட்டத்திலும் அக்கம் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவர், கப்பல் வேலைக்குப் போனவர் இல்லாத தெரு குறைவு. நர்ஸ் வேலைக்குப் போன பெண்கள், பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிற பிள்ளைகள் என்று கணக்கெடுத்தால், வருஷத்தில் ஒரு தடவையாவது திருவனந்தபுரம் விமான நிலையத்திலோ நாகர்கோவில் ஜங்ஷனிலோ மணிக்கணக்கில் காத்துக் கிடக்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்கள். காத்துக் கிடக்கிற இடத்தில்தான் கை தானாக வைஃபையைத் தேடுகிறது.

வெளியே போய் நின்றால் முட்டம் கலங்கரை விளக்கம் தெரியும். அதை வைத்தே ஒரு காரியம் சொல்கிறேன். கடலில் இருக்கிற மாலுமிக்கு இருட்டில் தெரிவது வெறும் வெளிச்சம். அது முட்டமா, விழிஞ்ஞமா என்று அவன் எப்படி அறிகிறான்? விளக்குக்கு விளக்கு மின்னும் முறை வேறு. எத்தனை மின்னல், எத்தனை விநாடி இடைவெளி என்று அட்டவணை போட்டுப் புத்தகமாகவே வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்து, சரி பார்த்து, பிறகுதான் திசை திருப்புவான். வைஃபைக்கு அப்படி ஒரு அடையாளம் கிடையாது. உங்கள் செல்போனில் 'ஃப்ரீ ஏர்போர்ட் வைஃபை' என்று ஒரு பெயர் தெரிந்தால் அது யாரோ ஒருவர் தட்டச்சு செய்து வைத்த பெயர், அவ்வளவுதான். விமான நிலையமும் வைக்கலாம். பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் வைக்கலாம். உரிமம் வேண்டாம், கையொப்பம் வேண்டாம். இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தால் போனுக்கு வித்தியாசம் தெரியாது. எது பலமாக வருகிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை ஒட்டிய திறந்த வைஃபையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை உங்களைக் கேட்காமலே ஒட்டிக்கொள்கிற போன்களும் உண்டு.

எங்கள் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். கப்பலில் முதல் வேலை. வழியில் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் தங்கல். உள்ளூர் சிம் கிடையாது, ரோமிங் போடவில்லை. அம்மாவுக்கு 'வந்து சேர்ந்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வைஃபையைத் திறந்தான்; கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு பெயர். பலமாக இருந்த ஒன்றைத் தொட்டான். விமானப் படம் போட்ட அழகான பக்கம் வந்தது. 'உங்கள் கூகுள் கணக்கின் மூலம் நுழையவும்' என்று இருந்தது. மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் போட்டான். வைஃபையும் வேலை செய்தது! அம்மாவிடம் பேசினான், சந்தோஷமாக அடுத்த விமானம் ஏறினான்.

இறங்கிய இடத்திலிருந்து எனக்குப் போன். "சித்தப்பா, மெயிலு தொறக்க மாட்டேங்கு. பாஸ்வேர்டு தப்புண்ணு சொல்லுது." உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். பாஸ்போர்ட் நகல், கப்பல்காரர்களுக்கான சி.டி.சி. புத்தகத்தின் நகல், வேலையில் சேரச் சொல்லி வந்த கடிதம், எல்லாம் அதில்தான். கடலுக்குப் போகிற அவன் அப்பா, பிள்ளை கேலி செய்வதையும் பொருட்படுத்தாமல், அத்தனையையும் பிரின்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். அதனால் அவன் ஊருக்குள் நுழைய முடிந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து அவன் அக்காவுக்கு, அவன் முகவரியிலிருந்தே ஒரு மெயில்: மெடிக்கல் செலவுக்கு 40,000 ரூபாய் கட்ட வேண்டும், இந்தக் கணக்கில் போடு என்று. ஏஜென்டோடு நடந்த பழைய கடிதப் போக்குவரத்துக்குக் கீழேயே எழுதியிருந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சீட்டுப் பிடித்து வைத்திருந்த பணத்தைப் போட்டாள். போனது போனதுதான்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2024 ஏப்ரலில் உள்நாட்டு விமானம் ஒன்றின் பணியாளர்கள், வானத்தில் பறக்கும்போது சந்தேகத்துக்குரிய ஒரு வைஃபை தென்படுவதைக் கவனித்துப் புகார் கொடுத்தார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஒருவருடைய பையைச் சோதித்தபோது கையடக்கமான வைஃபை கருவி, லேப்டாப், செல்போன் அகப்பட்டன. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும், பறக்கும் விமானங்களிலும் உண்மையான வைஃபை போலவே பெயர் வைத்து, வந்து மாட்டியவர்களிடம் மெயில், சமூக வலைத்தளக் கணக்குகளின் பாஸ்வேர்டைக் கேட்கும் போலிப் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். பெண்களின் கணக்குகளில் புகுந்து அந்தரங்கப் படங்களைத் திருடிய குற்றமும் சேர்ந்து, 2025 நவம்பரில் அவருக்கு 7 ஆண்டு 4 மாதச் சிறை கிடைத்தது. இந்த மாதிரிப் போலி வைஃபைக்கு ஆங்கிலத்தில் 'ஈவில் ட்வின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் பொல்லாத இரட்டை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு கதையிலும் ஒரு ஒற்றுமை இருப்பதைக் கவனித்தீர்களா? யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வாசலில் நின்று கேட்டார்கள், இவர்கள் சாவியை எடுத்துக் கொடுத்தார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பொது வைஃபை என்றவுடன் பலரும் சொல்லிக் கொடுக்கிற பயம் வேறு. 'நீ என்ன டைப் செய்தாலும் பக்கத்தில் இருக்கிறவன் பார்த்துக்கொண்டே இருப்பான்' என்பார்கள். ஒரு காலத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் 'ஃபயர்ஷீப்' என்று ஒரு சின்ன மென்பொருளை வெளியிட்டார். காப்பிக் கடையில் உட்கார்ந்து அதை ஓடவிட்டால், அதே வைஃபையில் பேஸ்புக் பார்க்கிறவர்களின் பெயரும் படமும் வரிசையாக வரும். ஒன்றின் மேல் இரண்டு தட்டு தட்டினால் அவர் கணக்குக்குள் நீங்கள் இருப்பீர்கள். காரணம் எளிது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தவருக்கு இணையதளம் ஒரு டோக்கன் தரும்; அதைக் 'குக்கி' என்பார்கள். பாஸ்வேர்டை மட்டும் மூடி அனுப்பிவிட்டு, டோக்கனைத் திறந்தபடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவன் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகளுக்கு ரோஷம் வரட்டும் என்றுதான் பட்லர் இதை வெளியிட்டார். ரோஷமும் வந்தது.

நம் ஹாஸ்டல் நாட்களை நினைத்துப் பாருங்கள். போஸ்ட் கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் வார்டன் வரை எல்லோரும் படித்துவிட்டுத்தான் நம் கைக்கு வரும். அதனால் கொஞ்சம் விவரமானவர்கள் ஒட்டிய கவரில் எழுதுவார்கள். (யார் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள்.) இணையமும் அப்படித்தான் போஸ்ட் கார்டிலிருந்து கவருக்கு மாறிவிட்டது. முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று வருகிறதே, அதுதான் ஒட்டிய கவர். 2018 ஜூலையிலிருந்து கவர் இல்லாத தளங்களுக்கு 'பாதுகாப்பற்றது' என்று குரோம் பிரவுசர் முத்திரை குத்த ஆரம்பித்தது. இன்று நீங்கள் பார்க்கிற பெரும்பாலான தளங்களும் வங்கி ஆப்களும் வாட்ஸ்அப்பும் மூடிய கவரில்தான் போகின்றன. வைஃபை நடத்துகிறவனுக்குக் கவரின் மேல் எழுதிய முகவரி, அதாவது எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். உள்ளே எழுதியது தெரியாது.

ஆனால் தம்பிகளே, கவர் ஒட்டியிருக்கிறது என்பதால் அனுப்புகிறவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான். திருடனும் ஒட்டிய கவரில் எழுதலாம். பிரவுசரில் வந்த பூட்டுப் படத்தைப் பார்த்து, 'ஆகா, நல்ல தளம்' என்று ஜனங்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் 2023-இல் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. எனவே பார்க்க வேண்டியது முகவரியின் எழுத்துகளை. போகிற வழியில் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் குறுக்கே வந்து நின்றால், அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அங்கேயே அந்த வைஃபையை விட்டுவிடுங்கள்.

பொது வைஃபையே ஆகாது என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். எர்ணாகுளம் ஜங்ஷனில் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, நிலையத்து இலவச வைஃபையில் பாடங்களை இறக்கி, காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே சுமை தூக்கி, 2018-இல் கேரள அரசுத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். புத்தகம் வாங்கவும் டியூஷன் போகவும் வழியில்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய வாசல்! 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ஆரம்பித்த ரயில் நிலைய வைஃபை, இன்று ரயில்டெல் நிறுவனத்தின் 'ரயில்வயர்' என்ற பெயரில் 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு வந்துவிட்டது. முதல் 30 நிமிடம் இலவசம். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

அங்கே உங்கள் மொபைல் நம்பரைக் கேட்டு ஓடிபி அனுப்புவார்கள். பலர் இதை நம் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். அது வந்த கதை வேறு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடப்பதற்குச் சில நிமிடம் முன்பு, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மெயில் போனது. போலீஸ் தேடிப் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த பிளாட். அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாஸ்வேர்டு போடாமல் விட்டிருந்த அவருடைய வைஃபையை எவனோ வெளியில் நின்று பயன்படுத்தியிருந்தான். அடுத்த மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபை, செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை. கல்லூரி என்று சொன்னதைக் கவனியுங்கள். இதற்குப் பிறகுதான் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபை தருகிறவர் பயன்படுத்துகிறவரை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆக, அந்த ஓடிபி 'இன்னார் வந்தார்' என்று வருகைப் பதிவேட்டில் போடுகிற கையெழுத்து. உங்களைக் காக்கிற காவல்காரன் என்று அதை எண்ணிவிடாதீர்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம். கன்னியாகுமரியிலும் இங்கேயும் லாட்ஜும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிற நம் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு வைஃபையையே விருந்தாளிக்கும் கொடுக்காதீர்கள். 'கெஸ்ட்' என்று தனியாக வைக்கிற வசதி இப்போதைய ரூட்டர்களில் இருக்கிறது. அதே மாதிரி ரயிலில் பக்கத்து சீட்டில் இருப்பவர் "அண்ணாச்சி, ஹாட்ஸ்பாட் கொஞ்சம் ஆன் பண்ணுங்க" என்று கேட்டால், அதன் வழியாக அவர் என்ன செய்தாலும் தேடி வருகிறவர்கள் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம், இட்லி கொடுக்கலாம். இதை யோசித்துக் கொடுங்கள்.

இரண்டாவது, வைஃபை வாசலில் நின்று எதைக் கேட்கலாம் என்பதற்கு இதிலேயே ஒரு அளவு கிடைக்கிறது. மொபைல் நம்பர், அந்த நேரத்தில் அதற்காகவே வந்த ஓடிபி. ஓட்டலாக இருந்தால் அறை எண், பெயர். அதோடு சரி. உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு எதற்கு? 'சரிபார்க்க ஒரு ரூபாய்' என்று கார்டு நம்பர் எதற்கு? 'வேகமாக வர இந்த ஆப்பை இறக்குங்கள்' என்றால் அது எதற்கு? வருகிற ஓடிபி செய்தியையும் முழுசாகப் படியுங்கள். வைஃபைக்கு என்று வர வேண்டியது, வங்கியின் பெயரில் வந்திருக்கலாம்.

பணம் காசு சமாச்சாரத்துக்கு என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். யுபிஐ ஆப் உங்கள் போனோடும் சிம்மோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், வைஃபையில் போகிறதைப் பார்த்து எவனும் பணத்தை உருவிவிட முடியாது. இருந்தாலும் உள்நாட்டில் மொபைல் டேட்டா இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, வங்கி வேலைக்கு எதற்கு ஊரார் வைஃபை? அரை நிமிஷம் வைஃபையை அணைத்துவிட்டு அனுப்புங்கள். உண்மையான சிக்கல் வெளிநாட்டில்தான், அதுவும் சிம் மாறுகிற அந்த இடைவெளியில்தான். எங்கள் பையன் மாட்டியதும் அங்கேதான்.

அதனால் செய்ய வேண்டியதைப் பயணம் புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். மெயிலுக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். பாஸ்வேர்டு ஒருவன் கையில் போனாலும் அடுத்த கதவில் பெரும்பாலும் நின்றுவிடுவான். ஆனால் அந்த இரண்டாவது அடுக்கு எஸ்எம்எஸ் மூலம் வருவதாக இருந்தால், வெளிநாட்டில் நம் சிம் வேலை செய்யாதபோது நாமே வெளியில் நிற்க வேண்டி வரும்! இதற்காகவே கூகுள் 10 பேக்கப் கோடுகள் தருகிறது. அவற்றைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். புதிதாக 'பாஸ்கீ' என்று வந்திருப்பது இன்னும் மேல். கைரேகையையோ முகத்தையோ காட்டினால் போதும், டைப் செய்ய எதுவும் இல்லை. உண்மையான தளத்தின் முகவரிக்கு மட்டுமே அது திறக்கும் என்பதால், போலிப் பக்கத்தில் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. பிள்ளையின் அப்பா பிரின்ட் எடுத்துக் கொடுத்தாரே, அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

விபிஎன் போட்டால் போதாதா என்று ஒரு தங்கை காலையிலேயே கேட்டாள். விபிஎன் என்பது வைஃபைக்காரன் கையில் போகிற எல்லாக் கவரையும் ஒரு மூட்டையாகக் கட்டி, இன்னொருவனிடம் கொண்டு சேர்க்கிறது. அந்த இன்னொருவன் யார்? உங்கள் கம்பெனி தந்த விபிஎன் என்றால் நல்லது, பயன்படுத்துங்கள். பெயர் தெரியாத இலவச விபிஎன் என்றால், ரயில் நிலையத்தை நம்பாமல் யாரோ ஒருவனை நம்புகிறீர்கள். அதோடு வாசலில் நீங்களே பாஸ்வேர்டைக் கொடுத்தால் விபிஎன் என்ன செய்யும்? துபாய், அபுதாபியில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே வாட்ஸ்அப் கால் கிடைக்காததால் வீட்டோடு பேச எதையாவது இறக்கிக்கொள்வது சகஜம் என்பது எனக்குத் தெரியும். அமீரகச் சட்டப்படி குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். அனுமதி உள்ள 'போட்டிம்' மாதிரி ஆப்களிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பொது இடத்து யுஎஸ்பி சார்ஜர் பற்றி ரிசர்வ் வங்கியே 2022-இல் வெளியிட்ட கையேட்டில் எச்சரித்திருக்கிறது. உங்கள் சொந்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் மாட்டினால் அந்தக் கவலை முடிந்தது.

ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன்னே தடுத்து நிறுத்தத்தான் அந்த எண்; அங்கே நிமிஷம்தான் கணக்கு. அக்கா கூப்பிட்டது மறுநாள் சாயங்காலம். நம் மாவட்டத்துக்கென்றே சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு.

பேசி முடிக்கும் முன் உங்களுக்கு ஒரு வேலை. இப்போதே போனை எடுங்கள். வைஃபை அமைப்புக்குள் போனால் 'சேமித்த நெட்வொர்க்குகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். என்றைக்கோ தங்கிய லாட்ஜ், போன வருஷத்துக் கல்யாண மண்டபம், பெயர் மறந்துபோன காப்பிக் கடை எல்லாம் அங்கே இருக்கும். வீட்டையும் ஆபீஸையும் தவிர மற்றதை எல்லாம் அழித்துவிடுங்கள். தானாக இணைகிற வசதியையும் அணைத்துவிடுங்கள். தம்பி தங்கையரே, முன்வரிசையில் நம் பேராசிரியர்கள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்களைக் கேட்டுக் கேட்டு அழித்துக் கொடுங்கள். காப்பி வர இன்னும் 10 நிமிஷம் இருக்கிறது.